இருநூற்றுப் பத்து மில்லிகிராம்

பீன்யா இரண்டாம் ஸ்டேஜில்
ஸ்பிரிங் கம்பெனிக்கும் பெயிண்ட் பட்டறைக்கும் நடுவில்
எங்கள் ஷெட்.
பெயர்ப்பலகை கிடையாது.
புழு என்று எழுதிவைத்தால்
ஓனர் காலி செய்யச் சொல்வார்.

விடிகாலை டெம்போ வரும்
கல்யாண மண்டபத்து மிச்சத்தோடு.
பிசிபேளாபாத், ஹோளிகை ஓரம்,
ஒரு வாய் கடித்த ஜாங்கிரி.
பன்னிரண்டு நாள் தின்றபின்
படைவீரன் ஈயின் புழுக்கள்
கறுக்கத் தொடங்கும்.
கறுத்தவை தாமாகவே சரிவில் ஏறி
வாளிக்குள் விழும்.

என் வேலை அதற்குப் பிறகு.
தராசு, இடுக்கி, நோட்டு.
இருநூற்றுப் பத்து மில்லிகிராமும் மேலும்
நீல டப்பா:
அடுத்த தலைமுறைக்குத் தாய் தகப்பன்.
அதற்குக் கீழே சிவப்பு:
ஹெசரகட்டா மீன் பண்ணைக்கு.

ஷிப்டுக்கு ஆயிரத்து இருநூறு முறை
ஆம், இல்லை, இல்லை, ஆம்.
யஷ்வந்த்பூர் மார்க்கெட்டில்
வெண்டைக்காய் பொறுக்கும்போதும்
விரல் தானாக எடை பார்க்கிறது.
கடைக்காரிக்குக் கோபம்.

முதல் தலைமுறையில்
இருநூற்றுப் பத்து ஓர் அதிசயம்.
தராசுதான் பழுதென்று பேட்டரி மாற்றினோம்.
பன்னிரண்டாவதில் அதுவே கடைசி பெஞ்ச்.
டாக்டர் மந்தாகினி சுவரில் வரைந்த கோடு
சீலிங்கைத் தொடப் பார்த்தது.
முதலீட்டுக்காரர்கள் வந்தார்கள்,
ஒரு கையால் மூக்கைப் பொத்தி
மறுகையால் தொடையில் தட்டிப் பாராட்டினார்கள்.

ஈயானபின் இவை எதையும் தின்பதில்லை.
புழுவாய்ச் சேர்த்த கொழுப்பை வைத்தே
பறந்து, கூடி, முட்டையிட்டுச் சாகவேண்டும்.
ஒரு வாரக் கணக்கு.
அதற்கும் வெயில் கேட்கும்.
ஜூலை மாதத்துப் பெங்களூரில்
வெயிலுக்கு எங்கே போக?
கூண்டின்மேல் விளக்குப் போட்டோம்.
பகல் என்று நம்பின.

பதினான்காம் தலைமுறை நம்பவில்லை.

கனத்த, பளபளத்த ஈக்கள்
ரிசப்ஷனில் கோட்டு மாட்டிய மாப்பிள்ளைகளாய்
வலையின் அடியில் உட்கார்ந்தே இருந்தன.
ரவை சிந்தியதுபோல் முட்டை இருக்கும்
அட்டை இடுக்குகள்
துடைத்துவைத்த சுத்தம்.
விளக்கை மாற்றினோம். வலையை மாற்றினோம்.
டாக்டர் பார்க்காத நேரம்
லோகேஷா கற்பூரம்கூடக் காட்டினான்.

நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் டாக்டர்.
எடைக்கு ஒரு கட்டம். தேதிக்கு ஒரு கட்டம்.
பறந்ததா என்பதற்குக் கட்டமே இல்லை.

ஷெட்டுக்குப் பின்னால் கை கழுவும் குழாய்.
சாக்கடை மூடி உடைந்த இடத்தில்
ஒரு கூட்டம் வாழ்வது எனக்குத் தெரியும்.
தப்பிப்போனவை என்று சொல்லலாம்.
இல்லை,
சிவப்பு டப்பாவை நான் அரைகுறையாய்க் கழுவிய நாட்களில்
ஒட்டிக்கொண்டிருந்தவை.
சம்பளத்தில் பிடிப்பார்களோ என்று
ஒரு வருஷமாய் வாய் திறக்கவில்லை.
மெலிந்த, அவசரக்கார ஈக்கள்.
மேகம் விலகும் பத்து நிமிஷத்தில்
காரியத்தை முடித்துக்கொள்ளும்.

அன்றைக்குச் சொன்னேன்.
டாக்டர் முழங்காலிட்டு
சாக்கடைக்குள் வெகுநேரம் பார்த்தார்.
கோட்டின் ஓரம் நனைந்தது.
பிறகு கொசுவலை கொண்டுவரச் சொன்னார்.

நாற்பத்தொரு ஆண் ஈக்கள்.
நோட்டில் தகப்பன் என்ற இடத்தில்
என்ன எழுத என்று கேட்டேன்.
"சாக்கடைன்னே எழுது."
சிரிக்கவில்லை.

பதினைந்தாவது இன்று தராசுக்கு வந்திருக்கிறது.
நூற்றுத் தொண்ணூற்றெட்டு.
நூற்றெண்பத்தாறு.
இருநூற்று மூன்று.
கோடு சறுக்கும்.
முதலீட்டுக்காரர்கள் வெள்ளிக்கிழமை வருகிறார்கள்.
நீலமா சிவப்பா என்று
டாக்டர் இன்னும் சொல்லவில்லை.

இரண்டு டப்பாவையும் ஓரமாய்த் தள்ளிவிட்டு
இப்போதைக்கு
ஒரு டிபன் பாக்ஸ் மூடியில் போட்டுவைக்கிறேன்.
ஒன்று விளிம்பேறி இறங்கி
மேசையைக் கடந்து
குழாய்ப் பக்கமாய்ப் போகிறது.
இன்னும் எடை போடாதது.

இடுக்கி கையில்தான் இருக்கிறது.